62 பேர் நிரப்பிய படிவம் பெரிதா, 5 பேரின் பேச்சு பெரிதா? அறை முன்பதிவுச் செயலி குறித்த விவாத இழை

கேள்வி: 11 அக்டோபர் 2025, காலை 9.20

தங்கும் அறைகளை முன்பதிவு செய்யும் செயலி ஒன்றை மறுவடிவமைப்பதைப் பயிற்சிக்காலத் திட்டமாக எடுத்திருக்கிறேன். கூகுள் படிவம் ஒன்றைத் தயாரித்து வாட்ஸாப் குழுக்களில் சுற்றுக்கு விட்டதில் 62 பேர் பதில் அனுப்பினார்கள். விலை குறைய வேண்டும், படங்கள் தெளிவாக இருக்க வேண்டும், முன்பதிவு சீக்கிரம் முடிய வேண்டும் என்பவையே பெரும்பாலான பதில்கள். கறுப்புப் பின்னணி வேண்டும் என்றும் பலர் கேட்டிருக்கிறார்கள். என் மேற்பார்வையாளரோ இதை ஆய்வு என்று ஏற்க மறுத்து, ஐந்து பேரிடமாவது நேரில் பேசிவிட்டு வரச் சொல்கிறார். 62 பேர் சொன்னதைவிட 5 பேர் சொல்வது எப்படிப் பெரிதாகும்?

பதில்: 11 அக்டோபர், இரவு 10.45

அந்த 62 பேரில் கடந்த ஆறு மாதங்களுக்குள் தம் கையால் பணம் கட்டி ஓர் அறை எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் படிவம் கேட்டதா? நாங்கள் கேட்கவில்லை. சென்ற ஆண்டு சென்னைப் பெருங்குடி அலுவலகம் ஒன்றில் இதே போன்ற செயலியை மறுவடிவமைத்த குழுவில் நானும் இருந்தேன். முதல் வேலையாக நாங்களும் படிவம்தான் அனுப்பினோம். உங்களுக்கு வந்த அதே மூன்று பதில்கள் எங்களுக்கும் வந்தன. இட்லி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் மெத்தென்று இருக்க வேண்டும் என்றுதான் ஊரே சொல்லும். மாவு ஏன் பொங்கவில்லை என்பதற்கு அந்தப் பதிலில் விடை கிடைக்காது.

நேரில் பேசியபோது எங்கள் வடிவமைப்பைப் புரட்டிப் போட்டவை இரண்டு எளிய கேள்விகள். கடைசியாக வெளியூரில் எப்போது தங்கினீர்கள் என்பது முதலாவது. அந்த அறையை யார் போட்டார்கள் என்பது இரண்டாவது. கிரீம்ஸ் சாலை மருத்துவமனைப் பகுதியில், தேநீர்க் கடை ஓரமாக ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து மனைவியின் சிகிச்சைக்காக வந்திருந்தார். அறையைப் போட்டவர் பெங்களூரில் வேலை பார்க்கும் மகன். விடுதிக்குக் காட்ட வேண்டிய நான்கு இலக்க எண்ணும் மகனின் கைப்பேசிக்கே போயிருக்கிறது. மகன் ஏதோ கூட்டத்தில் இருந்ததால் அழைப்பை எடுக்கவில்லை. இரவு ரயிலில் தூங்காமல் வந்த மனைவியைப் பெட்டியின் மேல் உட்கார வைத்துவிட்டு, பெரியவர் கவுன்ட்டர் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார்.

எங்கள் வரைபடங்கள் அனைத்திலும் பயனர் என்று ஒரே ஒரு மனித உருவம் இருந்தது; தேடுபவர், பணம் கட்டுபவர், தங்குபவர் எல்லாம் அவரே. நம் வீடுகளில் அப்படியா நடக்கிறது? அண்ணன் மகன் தேடுவான், மருமகன் ஜிபேயில் பணம் அனுப்புவான், போய்த் தங்குபவர்கள் வேறு மூன்று பேராக இருப்பார்கள். இந்த உண்மையை 62 பேர் நிரப்பிய படிவத்திலிருந்து எடுக்க முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே படிவத்தை எழுதியவருக்குத் தெரிந்திராது.

12 அக்டோபர், காலை 7.10

நேற்று ஒன்று விட்டுப்போயிற்று. செயலியின் தேடல் கட்டத்தில் எந்தச் சொல்லை வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். எங்களுடையதில் "ஹோட்டலைத் தேடுங்கள்" என்று இருந்தது. திருப்பூர்க்கார அம்மா ஒருவர் அந்தக் கட்டத்தைத் தொட்டுவிட்டு, "சாப்பாடு வெளியில பாத்துக்கறோம், ரூம் மட்டும் போதும்" என்றார். தமிழ்நாட்டில் ஹோட்டல் என்றால் இட்லியும் சாம்பாரும்தான் என்பதை, மூன்று வேளையும் ஹோட்டலில் சாப்பிடும் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து மறந்திருந்தோம். பிறகு "லாட்ஜ்" என்று மாற்றிப் பார்த்தோம். பெண்கள் முகம் சுளித்தார்கள், அந்தச் சொல்லுக்கு ஒட்டியிருக்கும் கறை அப்படி. கடைசியில் எல்லோர் வாயிலும் இயல்பாக வந்த "ரூம்" என்ற சொல்லையே வைத்தோம். அந்த முடிவுக்கு வர ஒரு முழுநாள் ரூம் போட்டு யோசித்தோம் என்பது உவமை அன்று, கூட்ட அறையை உண்மையிலேயே பதிவு செய்திருந்தோம்.

14 அக்டோபர், இரவு 9.30

ஐந்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்று மற்றொருவர் கேட்டிருக்கிறார். பயன்பாட்டு எளிமையை ஆய்வு செய்த யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் ஒரு கணித மாதிரியை வெளியிட்டார்கள். செயலியைக் கையில் கொடுத்துப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லும் சோதனையில் கலந்துகொள்ளும் ஒருவர், அதன் மொத்தக் குறைகளில் சராசரியாக 31 சதவீதத்தை வெளிக்கொணர்கிறார் என்று வைத்துக்கொண்டால், ஐந்தாவது ஆள் முடிந்தபோது ஏறத்தாழ 85 சதவீதம் தெரிந்துவிடும். 2000-ஆம் ஆண்டில் நீல்சன் இதை எளிய கட்டுரையாக எழுதிய பிறகு, உலகம் முழுவதும் ஐந்து என்பது மந்திர எண்ணாகிவிட்டது. ஆகவே உங்கள் மேற்பார்வையாளர் சொல்வது சரி. ஐந்து பேர் போதும்.

15 அக்டோபர், காலை 8.05

போதும் என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். இழையில் ஒருவர் சுட்டிக்காட்டியதைப் போல, அந்தக் கணக்கு திரையில் உள்ள குறைகளைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கானது. வாழ்க்கை முறையை அறிவதற்கான நேர்காணலுக்கு அதைப் பொருத்தியது என் பிழை.

சோதனைக்கே கூட அந்த 31 சதவீதத்தின் மேல்தான் எல்லாம் நிற்கிறது. பத்தில் ஒருவருக்கு மட்டுமே தடுக்கும் ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள்; ஐந்து பேரில் ஒருவராவது அதில் இடறுவதற்கான வாய்ப்பு 41 சதவீதம்தான். பதினைந்து பேரை ஒரே மூச்சில் உட்கார வைப்பதைவிட, ஐவர் ஐவராக மூன்று சுற்று வைத்து ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் திரையைத் திருத்துங்கள் என்பதே நீல்சனின் முழு அறிவுரை. எல்லோரும் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டோம், நேற்றிரவு நானும்.

அந்த ஐந்து பேர் யார் என்பது தனிக் கேள்வி. எங்கள் முதல் ஐவரும் எங்கள் அலுவலகக் கட்டடத்தின் நான்காவது மாடியில் வேலை செய்தவர்கள். எல்லாப் பணிகளையும் மளமளவென்று முடித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். குறையே இல்லாத செயலி என்று இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தோம்.

18 அக்டோபர், இரவு 11.20

தேதி தேர்வுத் திரையை நாட்காட்டியாக வைப்பதா, பட்டியலாக வைப்பதா என்று கேட்கிறீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அங்கே ஒளிந்திருக்கிறது.

மதுரைக்கார ஆசிரியை ஒருவர் உறவினர் திருமணத்துக்காகச் சென்னை வந்த கதையைச் சொன்னார். வெள்ளி இரவு பேருந்து ஏறி, சனி விடியற்காலை நாலரை மணிக்கு இறங்க வேண்டும். செயலியில் எந்தத் தேதியைத் தொடுவது? முதல் முறை அவர் சனிக்கிழமையைத் தொட்டிருக்கிறார். விடுதிக்கு வந்தபோது செக்-இன் பகல் 12 மணிக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். பட்டுப்புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறை சோபாவிலேயே இரண்டு குழந்தைகளையும் தூங்க வைத்திருக்கிறார். அடுத்த பயணத்தில் பட்டறிவோடு வெள்ளிக்கிழமையைத் தொட்டார். இரவு பதினொரு மணி வரை ஆள் வராததால், வரமாட்டார் என்று முடிவு செய்து அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "எந்தத் தேதியைத் தொட்டாலும் தப்பு எங்க மேலதான் வருது" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

தென் மாவட்டங்களிலிருந்து வரும் இரவு ரயில்களும் பேருந்துகளும் சென்னையைத் தொடுவது பெரும்பாலும் மூன்று மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில்தான். பஞ்சாங்கக் கணக்கில் சூரிய உதயம் முதல் மறு உதயம் வரை ஒரு நாள். அதன்படி சனி விடியற்காலை நாலரை மணி இன்னும் வெள்ளிக்கிழமைக்குச் சொந்தம். நாம் பேசுவதும் அப்படித்தான், "வெள்ளி ராத்திரி, விடிஞ்சா சனி" என்கிறோம். கைப்பேசியின் நாள் நள்ளிரவில் மாறுகிறது, விடுதியின் நாள் பகல் 12 மணிக்கு மாறுகிறது, பயணியின் நாளோ விடியும்போது மாறுகிறது. மூன்று கடிகாரங்களுக்கு நடுவே ஒரே ஒரு நாட்காட்டியை வைத்திருந்தோம்.

இதோடு சென்னையின் பழைய லாட்ஜ்கள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு இருக்கிறது. எத்தனை மணிக்குச் சாவி வாங்கினீர்களோ, மறுநாள் அதே மணிக்குத் திருப்பித் தந்தால் போதும். விடியற்காலைப் பயணிக்கு இதைவிட வசதி வேறில்லை. எங்கள் தரவுத்தளத்தில் அதைக் குறிக்க இடமே இல்லாததால், அந்த லாட்ஜ்களுக்கும் பகல் 12 என்று நாங்களே நிரப்பியிருந்தோம். அவர்களிடம் இருந்த ஆகப்பெரிய நன்மையை எங்கள் படிவம் விழுங்கியிருந்தது.

நாங்கள் செய்த தீர்வு: தேதிக்கு முன்பாக "எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள்?" என்று கேட்டோம். விடியற்காலை என்று தொட்டால், முந்தைய இரவுக்கான வாடகை ஏன் சேர்கிறது என்பதை ஒரே வரியில் விளக்கி, 24 மணி நேரக் கணக்குள்ள விடுதிகளை மேலே காட்டினோம். அடுத்த சுற்றில் ஐந்து பேரும் தடையின்றி முடித்தார்கள். என் பணிவாழ்வில் நான் பெருமைப்படும் திரை அது.

22 அக்டோபர், மாலை 6.40

தீபாவளி விடுமுறையில் வந்த பதில்களை இன்றுதான் படித்தேன்.

கறுப்புப் பின்னணி குறித்து: கேட்டவர்களிடம், அது இல்லாததால் எந்தப் பயணத்தில் என்ன சிரமப்பட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவ்வளவுதான்.

கட்டணம் குறித்து: கடைசித் திரையில் தொகை கூடுவதுதான் மக்கள் பின்வாங்கும் இடம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் சோதனையில் நான் கண்டதும் அதுவே. 1,800 ரூபாய் என்று பார்த்து வந்தவருக்குக் கடைசியில் 12 சதவீத ஜிஎஸ்டியும் சேவைக் கட்டணமும் ஏறி நிற்கும்; உடனே செயலியை மூடிவிட்டு, மேலே இருந்த விடுதிப் பெயரைக் கூகுளில் தட்டுவார். கட்டணத்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடுவதும், "இன்னும் ஒரே ஒரு அறைதான் மீதம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத காப்பீட்டைக் கூடையில் போடுவதும் இப்போது வெறும் நாகரிகப் பிரச்சினை அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இத்தகைய 13 உத்திகளைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. உங்கள் திட்ட அறிக்கையில் இந்தப் பட்டியலைத் திரைகளோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். கற்பனைப் பயனர்களை வரைந்து காட்டும் அலங்காரமான பாத்திரப் படங்களைவிட அது பயன்படும்.

22 அக்டோபர், இரவு 8.15

வரிக் கணக்கைத் திருத்தியவருக்கு: ஆம், 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம்தான், அதற்கு மேல் 18. நான் சொன்னது சென்ற ஆண்டுச் சோதனை, அப்போது 12. சதவீதம் குறைந்தாலும் அதைக் கடைசித் திரை வரை ஒளித்து வைப்பது குறையவில்லை.

26 அக்டோபர், பகல் 3.00

"விடியற்காலைத் திரை வெளியான பிறகு என்ன ஆயிற்று?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வி வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எட்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோற்றது. வெளியான முதல் வாரத்திலேயே, விடியற்காலை வருவேன் என்று தெளிவாகத் தொட்டுப் பணமும் கட்டியவர்கள் கவுன்ட்டரில் நின்று, அறை இல்லை என்ற பதிலைக் கேட்டார்கள். சோதனையில் ஐந்துக்கு ஐந்து வாங்கிய திரை அது. குறை திரையில் இல்லை என்று அடித்துப் பேசினேன். அப்போது மூத்த சக ஊழியர் ஒருவர், "கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் எப்போதாவது உட்கார்ந்திருக்கிறாயா?" என்று கேட்டார். அன்று மாலையே பெரியமேட்டுக்குப் போனேன்.

மூன்று மாடி லாட்ஜ். மேலாளர் சிவகங்கைப் பக்கத்துக்காரர், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே நாற்காலி. பின்னால் சாவிப் பலகை. முன்னால் நீளமான வருகைப் பதிவேடு, நூலில் கட்டிய பேனா. எங்கள் நிறுவனம் கொடுத்த டேப்லெட் இழுப்பறைக்குள், ரசீதுப் புத்தகத்தின் அடியில் சார்ஜரோடு கிடந்தது. அது "டிங்" என்று ஒலித்தபோது அவர் எடுக்கவில்லை. மூன்றாவது முறை ஒலித்த பிறகு எடுத்து, தோள் துண்டால் திரையைத் துடைத்துவிட்டு, பெயர், எத்தனை பேர், எவ்வளவு பணம் என்ற மூன்றை மட்டும் படித்தார். வந்து சேரும் நேரம் அதற்குக் கீழே, ஆங்கிலத்தில், விரலால் தள்ளினால்தான் தெரியும் இடத்தில் இருந்தது. அவர் தள்ளவில்லை. தள்ளியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை, ஏனென்றால் அதே நேரத்தில் அவர் முன்னால் நான்கு பேர் நின்றார்கள், தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று ஒரு பையன் வந்து நின்றான்.

பிறகு அவர் பதிவேட்டைத் திறந்து அந்தப் பெயரைப் பென்சிலால் எழுதினார். ஏன் பென்சில் என்று கேட்டேன். "ஆப்புல வர்றது பென்சில்மா. ஆள் வந்து நின்னா பேனா" என்றார். இன்னொரு பெயருக்கு அடியில் பென்சில் கோடு இழுத்திருந்தது. அவர் முன்பதிவு செய்துவிட்டு விடுதிக்குத் தொலைபேசியிலும் சொன்னவராம். அந்த அறையை மட்டும் யார் வந்து கேட்டாலும் மேலாளர் கொடுக்க மாட்டாராம்.

அங்கே உட்கார்ந்தபடியே எனக்கு இரண்டு விஷயங்கள் விளங்கின. நாங்கள் பச்சை நிறக் குறியிட்டு "உறுதியானது" என்று காட்டிய திரைக்கு இந்தப் பதிவேட்டில் இருந்த மதிப்பு ஒரு பென்சில் வரி. ரப்பர் வைத்துத் தேய்த்தால் போய்விடும். அடுத்தது, பணம் கட்டிய பிறகும் பயனர்கள் விடுதியைத் தொலைபேசியில் அழைத்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதைப் பழைய பழக்கம் என்றும், இணைய அச்சம் என்றும் எங்கள் அறிக்கையில் எழுதியிருந்தோம். அவர்கள் பென்சில் கோட்டுக்காக அழைத்தார்கள். எங்களைவிட அவர்களுக்குக் கவுன்ட்டரை நன்றாகத் தெரிந்திருந்தது.

எங்கள் தயாரிப்பு மேலாளரோ, நேரடியாகப் பேசி முடித்துக்கொண்டால் தரகுத்தொகை போய்விடும் என்பதால் விடுதியின் எண்ணைச் செயலியிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று அந்த மாதம் முழுவதும் வாதாடிக்கொண்டிருந்தார். நீண்ட சண்டைக்குப் பிறகு, பணம் கட்டியதும் எண் பெரிதாகத் தெரியும்படி வைத்தோம். டேப்லெட் திரையில் வருகை நேரத்தைத் தமிழில், பெயருக்கும் மேலே கொண்டுவந்தோம். விடியற்காலைப் பயணி இருந்தால் இரவு எட்டு மணிக்கு மேலாளரின் சொந்தக் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். அவர் 1 என்று பதில் அனுப்பினால்தான் பயணிக்கு "சாவி எடுத்து வைக்கப்பட்டது" என்று காட்டுவோம். பழைய "உறுதியானது" என்ற சொல்லை அந்தப் படிக்கு முன்னால் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம்.

18-ஆம் தேதிக் குறிப்பில் பெருமைப்படுவதாக எழுதியிருந்த கடைசி வரியை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

29 அக்டோபர், இரவு 10.10

மொழிபெயர்ப்பு பற்றிக் கேட்டவருக்கு. இயந்திரம் மொழிபெயர்த்த முதல் பதிப்பில் முன்பதிவுப் பொத்தானின் மேல் "இப்போது புத்தகம்" என்று இருந்தது. அது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய பிழை. சிரிக்க முடியாதது வேறொன்று. முன்பதிவை விலக்கிக்கொள்ளும்போது "உங்கள் முன்பதிவை ரத்து செய்ய வேண்டுமா?" என்ற கேள்விக்குக் கீழே "ரத்து", "சரி" என்று இரண்டு பொத்தான்கள் வரும். ரத்து என்பதை அழுத்தினால் ரத்தாகாது, பெட்டி மட்டும் மூடிக்கொள்ளும். ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவர் சோதனையில் அதை நான்கு முறை அழுத்திவிட்டு, முடிந்தது என்று கைப்பேசியைக் கீழே வைத்தார். உண்மையான பயணமாக இருந்தால் அவருடைய பணம் அன்றிரவே போயிருக்கும்.

"ஆம், அறை வேண்டாம்", "இல்லை, அறை இருக்கட்டும்" என்று மாற்றினோம். பொத்தானுக்குள் எழுத்து அடங்கவில்லை என்று நிரலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பக்கத்தில் பக்கத்தில் இருந்தவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக, திரையின் முழு அகலத்துக்கு வைத்ததும் அடங்கிவிட்டது. வரி உயரத்தையும் கூட்டுங்கள், இல்லாவிட்டால் "கு"வின் சுழி வெட்டுப்பட்டு "க" ஆகிவிடும்.

2 நவம்பர், காலை 11.00

தேடலில் ஊர்ப் பெயர்கள் சிக்குவது பற்றி நீங்கள் கண்டதை எழுதியிருக்கிறீர்கள். நாங்களும் அதே குழியில் விழுந்தோம். திருவல்லிக்கேணி என்று தமிழில் தட்டினால் ஒன்றுமே வராது, டிரிப்ளிகேன் என்றால் வரிசையாக வரும். எழும்பூர், எக்மோர், எக்மூர் எல்லாம் ஒன்றே என்று செயலிக்கு நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

பேருந்து நிலையம் அதைவிடத் தொல்லை. "சென்னை பஸ் ஸ்டாண்ட் பக்கம்" என்று தேடியவர்களுக்குக் கோயம்பேட்டு அறைகளைக் காட்டிக்கொண்டிருந்தோம். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்ட பிறகு தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே வந்து நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். விடியற்காலையில் அந்தத் தூரத்துக்கு ஆட்டோ என்ன கேட்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டு, அதற்கேற்ற நிலையத்தைக் காட்டுகிறோம்.

8 நவம்பர், இரவு 9.50

தேடலைச் சுருக்க உதவும் வடிகட்டிகளில் நீச்சல் குளத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் முதலில் வைத்திருக்கும் உங்கள் திரையைப் பார்த்தேன். நோயாளியோடு வருபவர்கள் எங்களிடம் கேட்டவை லிஃப்ட், வெஸ்டர்ன் டாய்லெட், வெந்நீர் எத்தனை மணி வரை வரும், கஞ்சி காய்ச்ச அனுமதி உண்டா என்பவை. ஐந்து பேர் குடும்பமாக வருபவர்கள் கேட்டது, தரையில் விரிக்கக் கூடுதல் மெத்தை கிடைக்குமா என்பது. நீச்சல் குளத்தைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை.

அடையாள அட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர்க்காரப் பெண் ஒருவர், தாயின் அறுவைச் சிகிச்சையின்போது மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று அறை போட்டார். ஆதாரில் சென்னை முகவரி இருந்ததால், உள்ளூர்க்காரர்களுக்குத் தருவதில்லை என்று விடுதி திருப்பி அனுப்பிவிட்டது. செயலி அதை முன்கூட்டியே சொல்லவில்லை. பணம் திரும்ப ஒன்பது நாள் ஆயிற்று. வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களுக்கு இன்னொரு வகைத் தடை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரப் படிவத்தை அரசுக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலைக்கு அஞ்சியே சில சிறிய விடுதிகள் அவர்களை ஏற்பதில்லை. யாரை ஏற்பார்கள் என்பது பணம் கட்டும் முன்பே தெரிய வேண்டிய செய்தி. விடுதிகளிடம் இதைக் கேட்டு நிரப்ப எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. திரையில் சேர்க்க அரைநாள்.

15 நவம்பர், மாலை 5.30

நான்கு பேரிடம் பேசினீர்கள், நால்வரும் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள் என்கிறீர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் மனம் நோகக் கூடாது என்பது நம் ஊர் மரியாதை. மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்று கேட்டால், தேர்வெழுதும் பிள்ளையைப் போல அமைதியாகிவிடுகிறார்கள். எங்களுக்குக் கைகொடுத்தது இருவராக உட்கார வைத்ததுதான். கணவன் மனைவியை ஒரே கைப்பேசியோடு விட்டால் நாம் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. "அதத் தொடாதீங்க, பணம் போயிடும்" என்று ஒரு மனைவி கணவரின் கையைத் தட்டிவிட்ட இடம்தான் அந்தத் திரையின் மிகப்பெரிய குறை.

முன்னேற்றத்தை எண்ணால் காட்டச் சொல்கிறார்கள் என்றீர்கள். 1986-இல் ஜான் புரூக் உருவாக்கிய எஸ்யூஎஸ் என்ற பத்து வாக்கிய அளவுகோல் இருக்கிறது, பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதை அளப்பது. 100-க்கு மதிப்பெண், சராசரி 68 என்று சொல்வார்கள். தமிழில் பயன்படுத்தும்போது ஒரு எச்சரிக்கை. அதில் நல்லதாக ஒரு வாக்கியம், குறையாக ஒரு வாக்கியம் என்று மாறி மாறி வரும். மரியாதைக்காகப் பத்துக்கும் "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்பவர் சரியாக 50 மதிப்பெண் தருவார். எங்கள் விடைத்தாள்களில் அடிக்கடி 50 வந்ததைக் கண்டு, மக்கள் நடுநிலையானவர்கள் என்று ஒரு கூட்டத்தில் நான் விளக்கம் கூடச் சொல்லியிருக்கிறேன்.

15 நவம்பர், இரவு 11.35

முன்பதிவு முடிந்ததும் காட்டும் திரையைப் பற்றிச் சொல்ல மறந்தேன். அதை யாரும் செயலிக்குள் திரும்பப் போய்ப் பார்ப்பதில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தங்கப் போகிறவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அதனால் விடுதியின் பெயர், எதற்கு எதிரில் இருக்கிறது, தொலைபேசி எண், கட்டியது எவ்வளவு, கவுன்ட்டரில் தர வேண்டியது எவ்வளவு, வந்து சேரும் மணி, அந்த நான்கு இலக்க எண் ஆகியவை விரலால் தள்ளாமல் ஒரே திரையில் அடங்க வேண்டும். முதல் நாள் சொன்ன நாகர்கோவில் பெரியவர் கையில் இருந்திருக்க வேண்டியது இதுதான்.

16 நவம்பர், காலை 7.25

பெரியமேட்டு மேலாளரிடம் கேட்டேன், நீங்கள் வந்து உட்காரலாம் என்கிறார். இரவு ஏழரைக்கு மேல் போங்கள். அதற்கு முன்னால் கணக்கு முடித்துக்கொண்டிருப்பார், பேசமாட்டார். மடிக்கணினி வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பதிவேட்டில் இருப்பவை விருந்தினர்களின் பெயர்கள் என்பதால் படம் எடுக்காதீர்கள். பென்சில் வரிகள் எத்தனை, அவற்றில் விடிவதற்குள் பேனாவானவை எத்தனை, ரப்பரால் போனவை எத்தனை என்று மட்டும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 62 பேர் படிவத்தையும் தூக்கி எறிய வேண்டாம். அவர்களில் யார் கடந்த மாதம் விடியற்காலையில் சென்னை வந்து இறங்கினார்கள் என்று கேட்டு ஒரு செய்தி அனுப்புங்கள். அடுத்த ஐந்து பேர் அங்கேயே கிடைப்பார்கள்.

மேலாளர் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு டீ குடிப்பார். வாங்கிக் கொடுத்தால் மறுக்கமாட்டார், சர்க்கரை வேண்டாம் என்பார்.